ஊசி போட்டு உடம்பேற்றுவது எப்படி?

எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு அவனிடம் கேட்கிற உயரம் 170. மார்பளவு 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். மார்பு விஷயத்தில் பையன் தாராளம். ஓட்டத்திலும் குறையில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலைநடை போகும் எங்களைப் போன்றவர்களை இரண்டு தடவை கடந்து போய்விட்டு, மூன்றாவது தடவைதான் "குட்மார்னிங் அங்கிள்" சொல்வான். ஆனால் சுவரோரம் நிற்கவைத்துத் தலைமேல் ஸ்கேலை வைத்தால் 169.

போன மாதம் ஜிம்மிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். "ஜி.எச். போட்டா ஹைட்டும் ஏறும், கட்டிங்கும் வரும்னு மாஸ்டர் சொல்றாரு அங்கிள். நீங்க எழுதுறவர்தானே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றான். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற ஆள் ஆவடியில் இன்னும் ஒருவன் மிச்சமிருக்கிறான். அவனை ஏமாற்ற மனசு வரவில்லை. படித்துத் திரட்டியதைப் படிப்படியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற பையன்களுக்கும் பயன்படட்டும்.

படி 1: ஊர் தேர்வு

இந்தக் காரியத்துக்கு ஆவடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே பாதிப் பேர் சீருடை போட்டவர்கள், மீதிப் பேர் போட ஆசைப்படுகிறவர்கள். வீராபுரம் பக்கம் சிறப்புக் காவல்படை, இன்னொரு பக்கம் விமானப்படை, நடுவில் டாங்கித் தொழிற்சாலை. சி.டி.எச். ரோட்டில் டீக்கடை, செல்போன் கடை, ஜிம் என்ற வரிசை மாறாமல் வந்துகொண்டே இருக்கும். பல ஜிம்கள் மாடியில்தான். ஏறி இறங்குவதே பாதிப் பயிற்சி.

ஊரின் பெருமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அர்ஜுன் டாங்கிக்கு அரசு அனுமதி தந்தது 1974இல். அது ராணுவத்தில் சேர்ந்தது 2004இல். நடுவே முப்பது வருஷம் பாலைவனத்தில் ஓட்டினார்கள், இன்ஜின் சூடாகிறதா என்று பார்த்தார்கள், கழற்றினார்கள், மாட்டினார்கள், திட்டும் வாங்கினார்கள். அதே ஊரில் நாம், யார் செய்தது என்றே தெரியாத ஒரு குப்பியை மாஸ்டர் கையிலிருந்து வாங்கி முப்பது நொடியில் வயிற்றுத் தோலுக்கடியில் ஏற்றிக்கொள்கிறோம். வேகத்தில் பாதுகாப்புத் துறையை மிஞ்சிவிட்டோம்.

படி 2: சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளுதல்

மாஸ்டர் சொன்ன ஜி.எச்., அதாவது வளர்ச்சி ஹார்மோன், 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதச் சரம். மூளைக்கு அடியில், மூக்குத் தண்டுக்குப் பின்னால், பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கிற பிட்யூட்டரி சுரப்பி இதைத் தயாரிக்கிறது. இது நாள் முழுக்க வராது, தண்ணீர் லாரி மாதிரி விட்டு விட்டு வரும். பெரிய அளவில் வருவது ராத்திரி படுத்து ஆழ்ந்த தூக்கம் பிடித்த முதல் கட்டத்தில். ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், அங்கே ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு சரக்கைக் கிளப்பிவிடும். எலும்பு, தசை, குருத்தெலும்பு, உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் வளரச் சொல்லி உத்தரவு போடுவது இந்த இரண்டும்தான்.

வியர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தாலும் இது சுரக்கும். பட்டினி கிடந்தாலும் சுரக்கும். சர்க்கரை உள்ளே போனால் அடங்கிவிடும். ஆகவே ராத்திரி இரண்டு மணிவரை போனில் ரீல்ஸ் பார்த்துவிட்டு, கூடவே ஒரு பாட்டில் குளிர்பானமும் குடித்துவிட்டு, காலையில் அதே ஹார்மோனைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவரின் கொடையுள்ளத்தைப் பாராட்டியே ஆக வேண்டும்.

கொஞ்சம் சரித்திரம். 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு மறு வருஷம் அமெரிக்காவில் சோ ஹாவ் லி என்ற விஞ்ஞானி மனித வளர்ச்சி ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தார். அதே 1956இல்தான் சாண்டோ சின்னப்பா தேவரின் முதல் சொந்தத் தயாரிப்பான 'தாய்க்குப் பின் தாரம்' வெளிவந்தது. அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் 'சாண்டோ', ஐரோப்பிய பலசாலி யூஜின் சாண்டோவிடமிருந்து வந்த பட்டம். யூஜின் சாண்டோ செத்தது 1925இல். ஆக, சாண்டோக்கள் இருவருமே இந்தச் சரக்கு கடைக்கு வருவதற்கு முன்பே உடம்பைத் தேற்றி முடித்துவிட்டவர்கள். தண்டால், பஸ்கி, கரளாக்கட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை. என்ன ஒரு அறியாமை.

அந்தக் காலத்தில் ஊசி மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சாப்பாடு இறங்காது. பிணங்களிலிருந்து. இறந்தவர்களின் மண்டையிலிருந்து பிட்யூட்டரிகளைச் சேகரித்து, அரைத்து, வடித்து, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் போட்டார்கள். 1958இல் தொடங்கிய வைத்தியம் அது. 1985இல் அப்படி ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த சில இளைஞர்கள் மூளை அழுகும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயில் இறந்ததும் நிறுத்தினார்கள். பிரான்சில் மட்டும் நூறு பேருக்கு மேல் இப்படிப் போயிருக்கிறார்கள். அதே 1985இல் பாக்டீரியாவை வைத்து மரபணு முறையில் தயாரித்த ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் மாஸ்டர் சொல்வது இந்தப் புது வகையைத்தான். சொல்வது மட்டும்தான், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த படியில்.

படி 3: அசலா, போலியா?

குப்பியில் ஹாலோகிராம் இருக்கிறது, சீன எழுத்து இருக்கிறது, மூடியில் நீலக் கலர் இருக்கிறது. இதெல்லாம் போதாது. இந்த ஹார்மோன் விலை அதிகம் என்பதால் அதில் போலியும் அதிகம். போலிகளில் எனக்குப் பிடித்த வகை எச்.சி.ஜி. இதுவும் வெள்ளைத் தூள்தான், தண்ணீரில் கரையும், விலை மலிவு. ஒரே வித்தியாசம், இது கர்ப்பிணிகளின் உடம்பில் ஊறும் ஹார்மோன்.

உலகெங்கும் உடற்கட்டு வட்டாரத்தில் இதற்கென்றே ஒரு பரிசோதனை புழக்கத்தில் இருக்கிறது. மருந்துக்கடைக்குப் போய்க் கர்ப்பம் பார்க்கிற கிட் ஒன்று வாங்க வேண்டும். கரைத்த மருந்தில் ஒரு சொட்டு அதில் விட வேண்டும். இரண்டு கோடு விழுந்தால் நீங்கள் வாங்கியது வளர்ச்சி ஹார்மோன் இல்லை.

சொந்த ஊர் மருந்துக்கடையில் இதை வாங்காதீர்கள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போய்விடுங்கள். கல்யாணமாகாத, பதினாறு அங்குல ஆர்ம்ஸ் வைத்த ஆண்பிள்ளை ஒருவன் கிட்டை வாங்கிக்கொண்டு போனான் என்ற செய்தி, ஆவடி மார்க்கெட்டைத் தாண்டி பட்டாபிராம் போய்ச்சேர மின்சார ரயில் அளவுக்குக்கூட நேரம் எடுக்காது.

கோடு ஒன்றுதான் விழுந்தது என்றாலும் அசல் என்று அர்த்தமில்லை. வெறும் மாவாகவும் இருக்கலாம். அதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான பிராண்டு.

படி 4: ஃபிரிட்ஜில் வைத்தல்

அசலாகவே இருந்தால் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். இதில் விளையாட்டு வீரர்களுக்கே அனுபவம் போதவில்லை. 1998 ஜனவரியில் பெர்த் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டிக்காக ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வந்திறங்கிய சீன வீராங்கனை யுவான் யுவானின் பெட்டியில் 13 குப்பிகள் தெர்மாஸ் பிளாஸ்க்கோடு அகப்பட்டன. 2007இல் அதே சிட்னியில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் பெட்டியில் 48 குப்பிகள். 'ராக்கி'யும் 'ராம்போ'வும் வாயைப் பொத்திக்கொண்டு அபராதம் கட்டினார்கள்.

அவர்களை மடக்கியது சுங்க இலாகா. உங்கள் வீட்டில் அம்மா. தோசை மாவுக்கும் கீரைக்கட்டுக்கும் பின்னால் ஒளித்து வைத்த டப்பாவை அவர் கண்டுபிடிக்க அரை நாள் ஆகாது. "இது என்னடா, கோழிக்குப் போடற மருந்தா?" என்பார். அதோடு மே மாதம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டால், ஒரு மாசச் சம்பளம் போட்டு வாங்கிய 191 அமினோ அமிலங்களும் உருக்குலைந்து வெறும் புரதத் தண்ணீராகிவிடலாம். அதற்கு ஒரு முட்டை சாப்பிட்டிருக்கலாம்.

படி 5: பலன்களை அனுபவித்தல்

பலனே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். இந்த வியாபாரம் முழுவதற்கும் பிள்ளையார் சுழி போட்டது 1990இல் வெளியான ஒரு நிஜமான ஆய்வு. டேனியல் ருட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 61இலிருந்து 81 வயதுவரையிலான 21 ஆண்களை எடுத்துக்கொண்டார். 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி. கொழுப்பு 14 சதவீதம் போல் குறைந்தது. கொழுப்பில்லாத உடல் எடை 9 சதவீதம் போல் ஏறியது. பத்திருபது வருஷ முதுமையைத் திருப்பிப் போட்ட மாதிரி என்று ஒரு வாக்கியமும் அதில் இருந்தது. அந்த ஒற்றை வாக்கியத்தை வெட்டியெடுத்து உலகம் முழுக்கக் கடை போட்டார்கள். அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவ இதழே பிறகு 2003இல், விளம்பரத்துக்காக எங்கள் கட்டுரையைக் காட்டாதீர்கள் என்கிற தொனியில் எழுத வேண்டியதாயிற்று. கவனியுங்கள், 61 வயது. ஆவடி ஜிம்மில் அந்த ஆராய்ச்சிக்குத் தகுதியுள்ள ஒரே ஆள் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற தாத்தாதான்.

சரி, இளசுகளுக்கு? 2008இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். ஊசி போட்ட சுமார் 300 ஆரோக்கியமான வாலிபர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சராசரியாக 2 கிலோ ஏறியிருந்தது. பலம் ஏறவில்லை. தூக்க முடிந்த எடை அதேதான். ஏறிய 2 கிலோவில் பெரும்பங்கு தசையே அல்ல, உடம்பு பிடித்துவைத்துக்கொண்ட தண்ணீராக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் சிட்னியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் எட்டு வாரத்தில் சைக்கிள் ஸ்பிரின்ட் திறன் 4 சதவீதம் போல் கூடியது. நிறுத்தி ஆறு வாரத்தில் அதுவும் போய்விட்டது. ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் 4 சதவீதம் தங்கத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் உள்ள தூரம். செக்போஸ்ட் சிக்னலில் பஸ்ஸைப் பிடிப்பதற்கு அவ்வளவு தேவைப்படாது.

படி 6: எது வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருத்தல்

வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான், டீ வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த ஹார்மோனிடம் "பைசெப்ஸ் மட்டும்" என்று ஆர்டர் கொடுக்க முடியாது. வளர முடிந்ததையெல்லாம் அது வளர்க்கும்.

கை, கால் எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. உயரம் ஏறுவது அங்கேதான். பெரும்பாலான ஆண்பிள்ளைகளுக்குப் பதினெட்டை ஒட்டி அது இறுகி எலும்போடு எலும்பாகிவிடும். மூடிய கடையின் ஷட்டரைத் தட்டுகிற மாதிரிதான் அதற்குப் பிறகு போடுகிற ஊசி. மருத்துவர்கள் இதைக் கண்டுபிடிக்க இடது கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் போதும். எதிர்வீட்டுப் பையனுக்கு வயது 21.

உயரம் போக முடியாத வளர்ச்சி வேறு வழி பார்க்கும். தாடை முன்னே தள்ளும், பல்லுக்குப் பல் இடைவெளி விழும், மூக்கு தடிக்கும், நாக்கு பெருத்துக் குறட்டை வரும். விரல் பருத்து, மாமனார் போட்ட மோதிரத்தைத் தட்டானிடம் போய் வெட்டியெடுக்க வேண்டி வரும். செருப்பு நம்பர் மாறும். மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலில் கிளட்ச் பிடித்துப் போகிறவனுக்கு இது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இதயமும் சேர்ந்து தடிக்கும். இதயம் பெரிதாக இருப்பது கவிதையில் நல்லது, ஈ.சி.ஜி.யில் அல்ல.

சுரப்பியில் கட்டி வந்து இந்த ஹார்மோன் அளவில்லாமல் ஊறினால் அக்ரோமெகலி என்பார்கள். மல்யுத்த மேடையில் நாம் பார்த்து வாய்பிளந்த தி கிரேட் காளிக்கு இருந்தது இது. பஞ்சாப் காவல்துறையில் வேலை பார்த்தவர் அவர். உயரம் அளக்கையில் கவலைப்படாத காவலர். 2012இல் அவருக்கு பிட்யூட்டரிக் கட்டியை அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். அவருக்கு விதியாக வந்ததை நாம் தவணையில் வாங்குகிறோம். ஷங்கரின் 'ஐ' படத்தில் உடற்கட்டு நாயகனை உருக்குலைக்க வில்லன்கள் கூடிச் சதி செய்து ஊசி போட வேண்டியிருந்தது. நாம் ஜி.பே.யில் பணம் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று போனும் போட்டுக் கேட்கிறோம்.

சர்க்கரையை மறந்துவிட்டேன். இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. அது செய்கிற வேலையை இது கெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் கணக்குச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் சேர நமக்கு ஊசி எதற்கு, அப்பா சொத்தாகவே வரும். இதைச் சமாளிக்கவும் தசைக்காகவும் கூடவே இன்சுலின் போடச் சொல்கிற மாஸ்டர்களும் உண்டு. நோயில்லாதவன் இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை சரிந்து தூக்கத்திலேயே போய்விடலாம். இந்த ஒரு இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

இன்னொரு இடத்திலும் வரவில்லை. 2022 அக்டோபரில் நம் ஆவடியை அடுத்த பகுதியில் 25 வயது ஜிம் பயிற்சியாளர் ஒருவர் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இறந்துபோனார். போட்டிகளுக்காக அளவுக்கு மீறி ஸ்டீராய்டு ஊசி போட்டதில் சிறுநீரகங்கள் பழுதானதாகச் செய்தி வந்தது. அது ஸ்டீராய்டு, இது வேறு என்று மாஸ்டர் சொல்வார். மருந்து வேறுதான். விற்கிற ஆளும் மருத்துவர் சீட்டு கேட்காத பழக்கமும் வேறல்ல. அந்தச் செய்தி வந்து பத்து நாள் எங்கள் பக்கத்து ஜிம்களில் கூட்டம் குறைந்தது. பதினோராம் நாள் வழக்கம்போல் ஆனது.

படி 7: போட்டுக்கொள்ளத் தகுதியானவர் யார்?

இப்படி ஒரு கூட்டம் நிஜமாகவே இருக்கிறது. சுரப்பி வேலை செய்யாத குழந்தைகள், டர்னர் நோய்க்குறியுள்ள பெண்பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறால் வளர்ச்சி நின்றவர்கள். இவர்களுக்கு இது வரப்பிரசாதம். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பத்துப் பதினோரு வயதில் குட்டையாக நின்றுவிட்ட லியோனல் மெஸ்ஸிக்கு மருத்துவர்கள் பரிசோதித்துக் குறைபாட்டைக் கண்டுபிடித்து இந்த ஊசியைத் தினமும் போட்டார்கள். செலவு தாங்காத குடும்பத்துக்கு பார்சிலோனா கிளப் கைகொடுத்தது. வளர்ச்சித் தட்டு திறந்திருந்த வயது, வளர்ந்தார். எவ்வளவு தெரியுமா? சுமார் 170 சென்டிமீட்டர். நம் தேர்வுக் குழுமத்தின் அளவுகோலில் மயிரிழையில் தேறுவார்.

இளமைக்காக என்று போடுகிறவர்களுக்கு ஈக்வடாரிலிருந்து ஒரு செய்தி. அங்கே மலைக்கிராமங்களில் இந்த ஹார்மோன் உடம்பில் வேலையே செய்யாத, மூன்றரை நாலடி உயர மனிதர்கள் நூறு பேர் போல் இருக்கிறார்கள். 22 வருஷம் கவனித்ததில் ஒருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை, புற்றுநோயும் அநேகமாக இல்லை. எலியிலும் அப்படித்தான். இந்த ஹார்மோன் இல்லாத குள்ள எலிதான் கூடுதல் நாள் உயிர்வாழ்கிறது.

இதையெல்லாம் எழுதி பையனிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு, "அப்போ அந்த ஒரு சென்டிமீட்டர்?" என்றான்.

அதற்கும் வழி இருந்தது. முதுகெலும்பின் வட்டுகள் பகல் முழுக்க நம் எடையில் நசுங்கித் தண்ணீரை இழக்கும். ராத்திரி படுத்திருக்கையில் திரும்ப உறிஞ்சி உப்பும். அதனால் காலையில் எழும்போது எல்லோரும் ஒரு சென்டிமீட்டர் போல் உயரம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி இறங்கிவிடும்.

தேர்வு நாளன்று விடிகாலை நாலரை மணிக்கு எதிர்வீட்டு வாசலில் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. முந்தின இரவு எட்டு மணிக்கே தூங்கப் போய்விட்ட பையனைப் பாயோடு நாலு சிநேகிதர்கள் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். அவன் அம்மா தலையணையைக் கொடுத்தார். தெருவில் பால்பாக்கெட் வாங்க வந்த பெண்மணி பதறிப்போய் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க, அவர் "ஒண்ணுமில்லக்கா, செலக்சனுக்குப் போறான்" என்றார். பையன் படுத்தவாக்கிலேயே எனக்குக் கையாட்டினான். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாப் போங்கண்ணா என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனது தெருமுனைவரை கேட்டது.